மூடிய ஏட்டின் முன்னே: ஜெர்மன் பயிலும் செவிலியர்க்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த செவிலியச் சகோதரிகளே, சகோதரர்களே,

பகல் முழுவதும் வார்டில் நின்று கால் கடுத்த பின்னரும், வீட்டுக்குப் போய்ப் பாயை விரிக்கலாம் என்னும் ஆசையை அடக்கிக்கொண்டு, மாலைப் பேருந்தின் நெரிசலில் நின்றபடி வந்து ஜெர்மன் மொழி வகுப்பின் பெஞ்சில் அமர்கிறவர்கள் நீங்கள். அந்தப் பெஞ்சுகளுக்கு எதிரே சாக்குக்கட்டியும் கையுமாகப் பதினெட்டு ஆண்டுகள் நின்றவன் நான். இலக்கணம் கடினம் என்று உங்களில் எவரும் என்னிடம் அழுததில்லை, உச்சரிப்பு படியவில்லை என்று சிலர் வருந்தியதுண்டு, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மூன்றாம் மாதம் பிறந்ததும் யாரேனும் ஒருவர் என் மேசையருகே வந்து, குரலைத் தாழ்த்தி, தீராத வியாதி ஒன்றைத் தெரிவிப்பதுபோலச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “சார், சொற்கள் மனத்தில் நிற்கவில்லை.” வகுப்பு முடியும் அவசரத்தில் நின்றபடியே அதற்கு நான் சொல்லிவந்த பதிலை, இன்று உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல விரும்பி இம்மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒரு சகோதரியின் நோட்டுப்புத்தகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. இருநூறு பக்க நோட்டு. பக்கந்தோறும் ஸ்கேல் வைத்து நடுவே இழுத்த ஒரு கோடு. கோட்டுக்கு இடப்புறம் நீல மையில் ஜெர்மன் சொல், வலப்புறம் சிவப்பு மையில் தமிழ்ப் பொருள். எங்கும் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. இரவுப் பணியில் நோயாளிகள் கண்ணயர்ந்த பின், நாளைக்கு அறுபது சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அந்தப் பக்கங்களை மேலிருந்து கீழாக ஏழெட்டு முறை வாசித்திருக்கிறாள். நான் அந்த நோட்டை வாங்கி, மூடி, மேசைமேல் வைத்துவிட்டு, முந்தின நாள் எழுதிய பக்கத்திலிருந்து பத்துச் சொற்களைக் கேட்டேன். இரண்டுக்குத்தான் விடை வந்தது. நோட்டைத் திறந்து காட்டியதும், “ஐயோ, இது தெரியும் சார், இதுவும் தெரியும் சார்” என்று ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக்கொண்டே போனாள். பக்கத்தின் அடிக்கு வருவதற்குள் கண் கலங்கிவிட்டது. “பார்த்தால் எல்லாம் தெரிகிறது, மூடினால் ஒன்றுமே இல்லை, எனக்கு மூளை மந்தம் சார்” என்றாள்.

அவளுக்கு மூளை மந்தமன்று என்பதை அன்று அவளுக்கு எவ்வளவு அழுத்தமாகச் சொன்னேனோ, அவ்வளவு அழுத்தமாக இன்று உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன். கண்ணெதிரே வந்ததை இனங்கண்டுகொள்ளுதல் ஒரு சக்தி. கண்ணெதிரே இல்லாததை உள்ளிருந்து எடுத்து வருதல் மற்றொரு சக்தி. கடைத்தெருவில் எதிர்ப்படும் பழைய நோயாளியின் முகத்தை நாம் கண்டவுடன் அறிந்துகொள்கிறோம். அவர் பெயரோ நாவின் நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. அந்தச் சகோதரி இரவு இரவாகக் கண்விழித்து முதற் சக்திக்கே ஆகாரம் ஊட்டிவந்தாள். இரண்டாவதற்கு ஒரு கவளமும் இடவில்லை. ஆனால் பரீட்சை மண்டபமும், நாளை நீங்கள் நிற்கப்போகும் நோயாளியின் கட்டிலருகும், அந்த இரண்டாவது சக்தியையே கேட்கின்றன.

இது என் அனுபவத்தில் மட்டும் நின்ற அபிப்பிராயம் அன்று. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் அறிஞர்களாகிய கார்ப்பிக்கும் ரோடிகரும் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், மாணவர்களுக்குச் சுவாஹிலி மொழியின் 40 சொற்கள் ஆங்கிலப் பொருளோடு கற்பிக்கப்பட்டன. ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட பிறகும் அதை மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து சொல்லச் செய்யப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது சொற்களை நினைவுகூர்ந்தனர். அதன்பின் சொல்லச் செய்யப்படாமல், படிக்க மட்டுமே விடப்பட்டவர்கள் நூற்றுக்கு முப்பத்தைந்தளவில் நின்றுவிட்டனர். என் நெஞ்சைத் தொட்ட செய்தி அதன்பின் வருவது: ஒரு வாரத்துக்குப் பிறகு எத்தனை நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, இரு சாராரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையைத்தான் சொல்லியிருந்தார்கள். தனக்கு எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதைப் படிக்கிறவனின் மனமே அவனுக்குச் சரியாகச் சொல்வதில்லை. நோட்டைத் திறந்து வைத்திருக்கையில் எல்லாம் தெரிந்ததுபோல் இருந்த அந்த மயக்கத்துக்கு அவள் மட்டும் எவ்வாறு விலக்காவாள்?

மறதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர், நீங்கள் பயிலும் அதே மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர், பொருளற்ற ஓரசைகளை ஏறத்தாழ 2300 அளவில் ஆக்கி வைத்துக்கொண்டு, தம்மையே மாணாக்கராகவும் தம்மையே பரீட்சாதிகாரியாகவும் ஆக்கி, வரிசை வரிசையாக மனனம் செய்து, குறித்த காலம் கழித்து அவற்றை மீண்டும் மனனம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்து, 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். இருபது நிமிஷம் கழிந்ததும் மிச்சம் நூற்றுக்கு 58. ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. முப்பத்தொரு நாள் கழித்து 21. இந்தக் கணக்கை முதல் முறை படிக்கிறவர்கள் அதன் செங்குத்தான சரிவைக் கண்டு திகைக்கிறார்கள். நானோ அதன் வாலைக் கண்டு ஆறுதல் அடைந்தவன். அர்த்தமே இல்லாத அசைகளுக்கும் ஒரு மாதம் சென்றபின் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகுமானால், அர்த்தமும் உபயோகமும் உடைய சொற்கள், மறந்துவிட்டன என்று நாம் கைவிட்டபோதிலும், உள்ளே எங்கோ வேர் பிடித்துத்தான் கிடக்கின்றன. முதல் நாளிலேயே பெரும்பகுதி உதிர்வது எல்லா மனிதருக்கும் பொதுவான இயற்கை. உதிரத் தொடங்கும் தறுவாயில் ஒருமுறை கூப்பிட்டு எழுப்புவதும், அடுத்த முறை இன்னும் சற்றுத் தாமதித்து எழுப்புவதுமே நாம் செய்யத்தக்கது.

இந்த இரகசியத்தை நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் எந்தப் பரிசோதனையும் இன்றியே அறிந்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புமுன், பூவில் ஒன்று, பிராணியில் ஒன்று, ஊரில் ஒன்று என்று வகைக்கு ஒரு பெயர் சொல்லி அனுப்புவார்கள் என்றும், பிள்ளை அதை மறவாமல் மறுநாள் வந்து ஒப்பிக்க வேண்டும் என்றும் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் இளமைப் பருவத்தைக் கூறுமிடத்தில் எழுதியிருக்கிறார். கையில் ஏடு இல்லை, எழுதிக்கொள்ளவும் இடமில்லை. இரவு முழுதும் அந்தப் பெயர்களைச் சுமந்து சென்று, காலையில் வாயைத் திறக்கும்போது அவை உள்ளிருந்தே வர வேண்டும். நிகண்டு கற்பித்த முறையும் அத்தகையதே. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில், பல பொருள் குறித்த சொற்களைத் தொகுத்த பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்திருப்பதற்குக் காரணம் என்ன? ஒரு சொல் அகப்படாதபோது அதற்கு முன் நிற்கும் சொல்லின் ஓசை அதைக் கைகொடுத்துத் தூக்கிவிடும். அச்சுப் புத்தகம் கைக்கு எளிதாக வந்துசேர்ந்தது பெரும் பாக்கியந்தான். ஆயினும் அந்த வசதியோடு கூடவே, திறந்து பார்த்தால் போதும் என்ற சோம்பலும் வந்து சேர்ந்ததை மறுக்க முடியாது.

பணிக்காக ஜெர்மனிக்கு நீங்கள் செல்லவிருக்கும் வழியை நேர் எதிர்த்திசையில் நடந்து வந்த ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சாக்ஸனி நாட்டில் பிறந்து, டென்மார்க் அரசரின் ஆதரவில் கப்பலேறி, 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆந் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழ் எழுத்தைக் கற்பதற்காகச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தம் அன்றாட ஒழுங்கை அவரே விவரித்திருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு மணிவரை, முன்பே கற்று எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்த்தல். எட்டு முதல் நண்பகல்வரை, அதுவரை படித்திராத தமிழ் நூல்களை, முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் பக்கத்திலிருக்கப் படித்தல். கடினமான செய்யுளைப் புலவர் பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்வார், புதிய சொற்களை எழுத்தர் அவ்வப்போதே குறித்துக்கொள்வார். பிற்பகலில் மீண்டும் படிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, பிறர் படிக்கக் காதால் கேட்டல். இந்த ஒழுங்கில் நாளின் முதல் மணி பழைய சொற்களுக்கு உரியதாக இருந்ததை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நாமோ புதிய பாடத்தை முதலில் எடுத்து, களைத்த பிறகு, நேரமிருந்தால் பழையதைப் புரட்டுகிறோம். பல்லாயிரம் சொற்கள் கொண்ட அகராதி ஒன்றைத் திரட்டி, தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1716இல் ஹாலே நகரில் அச்சேற்றி, 1719இல், நாற்பது வயதும் நிரம்பாமல் கண்மூடிய அம்மனிதருக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த காலத்திலும் பழையதற்கு ஒரு மணி நேரத்தை அவர் நாள்தோறும் ஒதுக்கி வைத்தார்.

இனி, உங்கள் நோட்டுகளில் நான் ஓயாமல் காணும் ஒரு தவறு. ஜெர்மன் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். இம்மடலில் நான் அவ்வாறு எழுதுவது தமிழ் வாசகர் அனைவருக்கும் பொதுவாக எழுதுவதால்; உங்கள் நோட்டு அப்படியன்று. நம் எழுத்தில் ககரம் ஒன்று. அது இடத்துக்கேற்ப வல்லோசையும் பெறும், மெல்லிய ஓசையும் பெறும். ஆகவே முட்கரண்டிக்கும் ‘காபெல்’, மின்கம்பிக்கும் ‘காபெல்’. பகரமும் அவ்வாறே, காலைக் குறிக்கும் சொல்லும் ‘பைன்’, வேதனையைக் குறிக்கும் சொல்லும் ‘பைன்’. ஜெர்மன் காதுக்கு இவை வெவ்வேறு சொற்கள்; உங்கள் நோட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டையும் அழித்துவிடும். முதலில் காதால் கேளுங்கள், உரக்கச் சொல்லுங்கள், பிறகு ஜெர்மன் எழுத்திலேயே எழுதுங்கள்.

பால் பற்றிய தொல்லையும் சொற்களோடு ஒட்டியதுதான். உயர்திணை, அஃறிணை என்று பொருளை நோக்கிப் பகுத்த மொழியில் வளர்ந்த நமக்கு, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் கரண்டி ஆண்பாலாகவும் முட்கரண்டி பெண்பாலாகவும் கத்தி ஒன்றன்பாலாகவும் இருப்பது நியாயமாகவே படுவதில்லை. நியாயம் தேடாதீர்கள். ‘டேர் லொஃபெல், டீ காபெல், டாஸ் மெஸ்ஸர்’ என்று முன்னடையையும் பெயரையும் ஒரே மூச்சில், ஒரே சொல்லாகப் பழகிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் படித்துவிட்டுப் பாலைப் பிறகு ஒட்டவைக்கலாம் என்று எண்ணியவர்கள் அச்சொல்லை இரண்டு தடவை படிக்க நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எல்லாச் சொல்லையும் அந்நியமாக எண்ணி அஞ்ச வேண்டியதும் இல்லை. 1786இல் சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆற்றிய உரை ஒன்றில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் பொதுவான ஒரு மூலத்திலிருந்து பிறந்தவையாதல் வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். ஜெர்மானிய மொழிகளும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. தமிழ் அக்குடும்பத்தினின்று வேறானது. எனினும் நூற்றாண்டுக் கணக்கில் சமஸ்கிருதச் சொற்களைத் தன்னகத்தே ஏற்றுப் பழகிய காரணத்தால், அந்தத் தூரத்துச் சுற்றத்தார் பலர் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். செவிலியராகிய உங்களுக்கு அவர்கள் உடலுறுப்புகளிலேயே எதிர்ப்படுவார்கள். மூக்கு ‘நாஸே’: நம் நாசி. கொப்பூழ் ‘நாபெல்’: நம் நாபி. விரல்நுனியில் இருப்பது ‘நாகெல்’: நம் நகம். பல் ‘த்ஸான்’: நம் தந்தம். கண்ணுக்கு மேலே ‘ப்ரௌவே’: நம் புருவம். அடி ‘ஃபூஸ்’: நம் பாதம். முழங்காலை ‘க்னீ’ என்கிறார்கள். அதற்கு உறவு எங்கே என்று கேட்பீர்கள். முழங்காலைத் தொடும் நீண்ட கைகளை உடையவரை ஆஜானுபாகு என்கிறோமே, அதன் நடுவில் நிற்கும் ‘ஜானு’தான் அது. இந்த உறவுகளை ஒருநாள் மாலை நான் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, வகுப்பில் எழுந்த சலசலப்பு அடங்கச் சில நிமிஷங்கள் ஆயின. அந்த ஏழு சொற்களை அந்த வகுப்பில் எவரும் பிறகு மறக்கவில்லை. ஓசை ஒப்புமையை மட்டும் நம்பி எல்லாவற்றுக்கும் உறவு கற்பிப்பது மொழிநூலுக்கு அடாது. எனினும் நினைவுக்காகப் பொய்யுறவு ஒன்றைக் கட்டிக்கொண்டாலும் குற்றமில்லை, அது பொய்யென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் வரையில்.

கூட்டுச் சொற்கள் விஷயத்தில் நாம் இன்னும் அதிருஷ்டசாலிகள். ‘ப்லூட்’ என்றால் இரத்தம், ‘ட்ருக்’ என்றால் அழுத்தம். சேர்த்தால் நாம் சொல்வதுபோலவே இரத்த அழுத்தம். நோயாளரின் வீடு என்று மருத்துவமனைக்குப் பெயர்; கைக்குப் போடும் பாதரட்சை என்று கையுறைக்குப் பெயர். நீண்ட சொல்லைக் கண்டு மலைக்காமல், புணர்ச்சி பிரிப்பதுபோலப் பிரித்துப் பாருங்கள். நான்கு சொல் என்று நினைத்தது, முன்பே தெரிந்த இரண்டாகக் குறைந்துவிடும்.

கையுறை என்றதும் நம் வகுப்பின் சொற்சீட்டுப் பெட்டியின் ஞாபகம் வருகிறது. ஸெபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் ஒன்றால் பிரசித்தமாகிய முறை அது. உங்கள் வார்டில் காலியாகும் கையுறை அட்டைப்பெட்டிகள் ஐந்தை வரிசையாக ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் புறத்தைச் சீட்டுகளாக நறுக்குங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். ஜெர்மன் பக்கத்தில் தனிச் சொல்லாக எழுதாமல், நீங்கள் வார்டில் சொல்லக்கூடிய ஒரு சிறு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். புதிய சீட்டு முதல் அறையில் கிடக்கும். தமிழைப் பார்த்து ஜெர்மனைச் சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால், ஐந்தாம் அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை, அடுத்ததைப் பதினைந்து நாளில், கடைசியை மாதத்தில் என்பது நம் வகுப்பில் வைத்துக்கொண்ட கணக்கு. ‘அன்கி’ முதலிய கைப்பேசிச் செயலிகளும் இதே தத்துவத்தில் இயங்குகின்றன, நல்லவையே. ஆயினும் சொந்தக் கையால் எழுதி நறுக்கிய சீட்டுக்கு, எழுதும்போதே பாதி நினைவு பதிந்துவிடுகிறது என்பது என் நம்பிக்கை. நாளைக்கு அறுபது புதிய சொல் என்று கட்டளையிடும் பயிற்சி நிலையங்கள் உண்டு. அவற்றோடு நான் உடன்படுவதில்லை. பதினைந்து போதும். தவறாமல் பதினைந்து என்பது ஓராண்டில் ஐயாயிரத்தைத் தாண்டும். ஜெர்மனியில் பணிக்கு அங்கீகாரம் பெறப் பொதுவாகக் கேட்கப்படும் பி-2 என்னும் மொழித் தேர்ச்சி நிலையை நோக்கி நடப்பதற்கு அது நல்ல கட்டுச்சோறு.

சொல்லும்போது முணுமுணுக்காதீர்கள். டிராய் நகரின் இடிபாடுகளைத் தோண்டிய ஹைன்ரிஹ் ஷ்லீமான், 1844இல் ஆம்ஸ்டர்டாமில் ரஷ்ய மொழி கற்றபோது, தாம் மனனம் செய்ததை உரக்க ஒப்பிப்பதற்காக, அம்மொழியில் ஓரெழுத்தும் அறியாத ஏழை முதியவர் ஒருவருக்கு வாரக்கூலி கொடுத்து மாலைதோறும் எதிரே உட்கார வைத்துக்கொண்டாராம். சத்தம் பொறாமல் அண்டை அறைக்காரர்கள் முறையிட, இருமுறை ஜாகை மாற்றினாராம். உங்கள் விடுதியில் அறைத்தோழிகள் இருக்கிறார்கள். கூலி வேண்டாம், ஒருவர்க்கொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டுக்காரச் சகோதரியை நடுவிலே விட்டுவிட்டேன். அவளும் பெட்டி செய்தாள். எல்லாச் சீட்டும் மெல்ல மெல்ல நகர்ந்தன. ஒரு சீட்டு மட்டும் முதல் அறையைவிட்டுப் போக மறுத்தது. தாகத்தைக் குறிக்கும் ‘டூர்ஸ்ட்’. தவறிய ஒவ்வொரு முறையும் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள், பதினொரு புள்ளிகள். வடமொழித் திருஷ்ணைக்கு அது உறவு என்று நான் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. பரீட்சையில் தேறி, ஜெர்மனியில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பின் ஒருநாள் தொலைபேசியில் பேசினாள். முதல் வாரத்து இரவுப் பணி. இரண்டு மணி சுமாருக்கு, பல் இல்லாத ஒரு மூதாட்டி படுக்கையில் புரண்டு ஏதோ முனகினாளாம். “என்ன சொன்னாள் என்று நான் யோசிக்கவே இல்லை சார். டம்ளரை நிறைத்து அவள் வாயருகே கொண்டுபோன பிறகுதான், அவள் சொன்னது டூர்ஸ்ட் என்று எனக்கே தெரிந்தது” என்றாள்.

புறப்படுவதற்கு முன் தன் பெட்டியை அடுத்து வருபவர்களுக்கென்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பதினொரு புள்ளி வைத்த அந்தச் சீட்டு அதில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை வகுப்பில் அப்பெட்டியை மேசைமேல் வைத்திருப்பேன். காலியான கையுறைப் பெட்டிகளை நீங்களும் கொண்டு வாருங்கள். பசையும் கத்திரிக்கோலும் என்னிடம் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் மாலை வகுப்பு ஆசிரியன்